எல்லைகளில் விளையும் கணிதம்: ஆய்வு நிதிக் குழுக்களுக்கும் பாடத்திட்டக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

கணித ஆய்வு விண்ணப்பங்களை மதிப்பிட்டு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும், முதுகலை, முனைவர் பட்டப் பாடத்திட்டங்களை வகுக்கும் குழுக்களுக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் தனித்தனியே கூடுகிறீர்கள்; ஆயினும் ஒரு குழு வகுக்கும் எல்லையை மற்றொரு குழு உறுதிப்படுத்திவிடுகிறது. இயற்கணிதம் படித்த மாணவருக்கு நிகழ்தகவியல் தெரியாததால் அவர் இரண்டையும் இணைக்கும் ஆய்வுக்கு விண்ணப்பிப்பதில்லை. அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் அரிதாகவே வருவதால் அவற்றை மதிப்பிடும் ஏற்பாடும் உருவாவதில்லை. அந்த ஏற்பாடு இல்லாததால் பாடத்திட்டத்தை மாற்றும் தேவையும் எவருக்கும் புலப்படுவதில்லை.

என் முறையீடு ஒன்றுதான். இயற்கணிதம், இயக்க அமைப்புகள் (காலத்தோடு விதிப்படி மாறும் நிலைகளைப் பற்றிய துறை), நிகழ்தகவியல் ஆகியவற்றை நீங்கள் மூன்று தனிக் கணக்குகளாக வைத்திருக்கிறீர்கள். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் இம்மூன்றிலும் கிடைத்த ஆழமான முடிவுகளில் பல, ஒரு துறையின் வினாவுக்கு இன்னொரு துறையின் கருவியால் கிடைத்த விடைகள். அத்தகைய ஆய்வு தற்செயலாக நடந்தால் நாம் பாராட்டுகிறோம். திட்டமிட்டு நடப்பதற்கு வழி வைக்கவில்லை.

கணிதப் பொருள் வகைப்பாட்டின் 2020 பதிப்பில் 63 முதன்மைப் பிரிவுகள் உள்ளன. குலக் கோட்பாட்டுக்கு (குலம் என்பது, உறுப்புகளை இணைக்கவும் அந்த இணைப்பைத் திருப்பிக்கொள்ளவும் கூடிய ஒரு தொகுப்பு) 20, இயக்க அமைப்புகளுக்கு 37, நிகழ்தகவியலுக்கு 60 என்று எண்கள். கட்டுரைகளைத் தேடி எடுக்க இது மிகப் பயனுள்ள ஏற்பாடு. அதை நான் குறை கூறவில்லை. அதே எண்களைக் கொண்டு மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுப்பதும், பணியிடங்களை விளம்பரப்படுத்துவதும், விருப்பப் பாடங்களை ஒன்றுக்கொன்று மோதும் நேரத்தில் வைப்பதுமே தவறு. இது ஏன் தவறு என்பதைச் சில ஆய்வுகளின் வரலாற்றைக் கொண்டே காட்ட விரும்புகிறேன். ஏனெனில் பொதுவாகப் பேசினால் நீங்கள் அனைவரும் உடன்படுவீர்கள், எதுவும் மாறாது.

1987இல் பெர் பாக், சாவோ டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் ஆகிய இயற்பியலாளர்கள் ஒரு மணற்குவியல் மாதிரியை முன்வைத்தார்கள். சதுரக் கட்டங்களாலான பலகை ஒன்றில் ஒவ்வொரு கட்டத்திலும் சில மணல்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் நான்கு மணல்கள் சேர்ந்தால் அது சரிந்து, அண்டைக் கட்டங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று தருகிறது. பலகையின் ஓரத்தைத் தாண்டும் மணல் வெளியேறிவிடுகிறது. ஒரு சரிவு அடுத்ததைத் தூண்டலாம். ஒற்றை மணல் பலகை முழுவதையும் குலுக்கலாம். இது ஓர் இயக்க அமைப்பு. அடுத்த மணலை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதைச் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்தால் இதுவே ஒரு மார்க்கோவ் சங்கிலி, அதாவது அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்த தற்செயல் நகர்வு. இதில் இயற்கணிதம் எங்கே இருக்கிறது என்று 1987இல் எவரும் கேட்கவில்லை.

தீபக் தர் 1990இல் அதைக் கண்டார். சரிவுகளை எந்த வரிசையில் நிகழ்த்தினாலும் இறுதி நிலை ஒன்றே என்பதை அவர் நிறுவினார். அந்தப் பரிமாற்றுப் பண்பு கையில் கிடைத்தவுடன் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. சங்கிலி திரும்பத் திரும்ப வந்தடையும் நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இரு நிலைகளின் மணல்களைக் கட்டம் கட்டமாகக் கூட்டிச் சரிய விட்டால் கிடைப்பதை அவற்றின் கூடுதல் என்று வரையறுத்தால், அந்நிலைகள் ஒரு முடிவுறு பரிமாற்றுக் குலமாக அமைகின்றன. நீண்ட காலத்தில் அந்நிலைகள் அனைத்தும் ஒரே நிகழ்தகவுடன் தோன்றுகின்றன; குலத்தின்மீது இயல்பாக உள்ள சீரான பரவலே மார்க்கோவ் சங்கிலியின் நிலைத்த பரவல். குலத்தின் உறுப்புகள் எத்தனை? பலகையை முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கோட்டுருவாகக் கருதி, வெளியேறும் மணலுக்கென்று ஒரு முனையைச் சேர்த்துக்கொண்டால், எல்லா முனைகளையும் சுற்று இல்லாமல் இணைக்கும் மரங்கள் எத்தனையோ அத்தனை. அந்த எண்ணிக்கையை ஓர் அணிக்கோவையால் கணக்கிடும் வழியை மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்ச்சாஃப் 1847இலேயே தந்துவிட்டார்.

ஆய்வு அதோடு நின்றுவிடவில்லை. இதே குலத்தை வேறு வழிகளில் வந்தடைந்தவர்களும் உண்டு: சேர்வியலாளர்கள் முனைகளில் சில்லுகளை வைத்து நகர்த்தும் விளையாட்டாக இதைப் படித்துக்கொண்டிருந்தார்கள், கோட்டுருவை இயற்கணித வளைவரையின் ஒத்த வடிவமாகப் பார்த்த பேக்கரும் நோரினும் 2007இல் கோட்டுருக்களுக்கான ரீமான்–ரோக் தேற்றத்தை நிறுவினார்கள். ஒரே புள்ளியில் ஏராளமான மணலைக் கொட்டிச் சரிய விட்டால் தோன்றும் வியத்தகு வடிவம், மணலின் அளவு கூடக்கூட ஓர் எல்லை வடிவத்தை நெருங்குகிறது என்பதை 2013இல் பெக்டனும் ஸ்மார்ட்டும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் கோட்பாட்டைக் கொண்டு காட்டினார்கள். லெவைனும் அவர்களோடு சேர்ந்து, அவ்வடிவத்துக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடும் அப்பலோனிய வட்டங்களின் அமைப்பு இருப்பதை அடுத்த சில ஆண்டுகளில் வெளிக்கொணர்ந்தார். எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது மெலனி வுட் 2017இல் வெளியிட்ட முடிவு. கோட்டுருவையே சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தால் அதன் மணற்குவியல் குலம் எந்தக் குலமாக இருக்கும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. எண் கோட்பாட்டில் கற்பனை இருபடிக் களங்களின் வகுப்புக் குலங்களுக்காக கோஹனும் லென்ஸ்ட்ராவும் 1984இல் ஊகித்த பரவலுக்கு நெருங்கிய உறவுடைய பரவலே இங்கு வருகிறது. அந்த ஊகம் எண் கோட்பாட்டில் பெரும்பகுதி இன்னும் நிறுவப்படாமலே இருக்கிறது. மணற்குவியலின் பக்கத்தில் அதன் உறவினர் தேற்றமாகிவிட்டது.

இப்போது உங்கள் குழுவில் இருந்து பாருங்கள். இந்த ஆய்வின் எந்தக் கட்டத்துக்கு எந்த எண்ணைத் தந்திருப்பீர்கள்? 1990இல் இது புள்ளியியல் இயற்பியல், 2007இல் இயற்கணித வடிவியல், 2013இல் பகுப்பாய்வு, 2017இல் எண் கோட்பாடும் நிகழ்தகவியலும். பொருள் மாறவில்லை. அதன்மீது வினா எழுப்பியவர்களின் பயிற்சிதான் மாறியது. அந்தப் பயிற்சிகளில் இரண்டு ஒரே மனிதரிடமோ ஒரே அறையிலோ சேர்ந்தபோதெல்லாம் ஆய்வு ஒரு படி முன்னேறியது.

இரண்டாவது வரலாறு இன்னும் நீளமானது. உங்கள் நிதிக் காலத்தின் அளவைப் பற்றியும் அது பேசுகிறது. ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டில் காலத்தோடு மாறும் உள்ளீடு மிகவும் கரடுமுரடாக இருந்தால் அதற்குத் தீர்வு என்பதன் பொருளே சிக்கலாகிவிடும். எல். சி. யங் 1936இல் காட்டியபடி, ஒரு சார்பை இன்னொன்றைப் பொறுத்துத் தொகையிட, அவற்றின் ஒழுங்கைக் குறிக்கும் இரு அடுக்குகளின் கூடுதல் 1ஐத் தாண்ட வேண்டும். பிரௌனிய இயக்கத்தின் பாதைக்கு அந்த அடுக்கு 1/2ஐ எட்டுவதில்லை. பாதையை அதன் சார்பொன்றோடு சேர்த்துத் தொகையிட முயன்றால் 1ஐத் தொடாமலே நின்றுவிடுகிறோம். இந்தத் தடையை இட்டோ 1944இல் நிகழ்தகவைக் கொண்டு கடந்தார். தனித்தனிப் பாதைக்குப் பொருள் தர முடியாவிட்டாலும் பாதைகளின் கூட்டத்துக்குப் பொருள் தரலாம் என்பது அவர் வழி. மாபெரும் வெற்றி அது. ஆனால் பாதையில் சிறு மாற்றம் செய்தால் தீர்வில் சிறு மாற்றமே வரும் என்ற உறுதி அதில் கிடைக்கவில்லை.

அந்த உறுதியைத் திரும்பக் கொண்டுவந்தது இயற்கணிதம். 1950களில் கே. டி. சென் வடிவியல் நோக்கில் பாதைகளின் அடுக்குத் தொகையீடுகளை (தொகையிட்டதையே மீண்டும் தொகையிட்டுப் பெறுபவற்றை) ஆராய்ந்தார். இரு பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அவற்றின் அடுக்குத் தொகையீடுகளின் தொடர்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன என்பதையும், அப்படிக் கிடைப்பவை ஒரு குலத்துக்குள் அடங்குகின்றன என்பதையும் அவர் கண்டார். டெர்ரி லயன்ஸ் 1998இல் அந்தக் குலத்தை நிகழ்தகவியலுக்குள் கொண்டுவந்தார். கரடுமுரடான பாதையை அதன் இரண்டாம் அடுக்குத் தொகையீடுகளோடு சேர்த்து, குலத்தில் ஓடும் பாதையாகவே எடுத்துக்கொண்டால் தீர்வு அப்பாதையைத் தொடர்ச்சியாகச் சார்ந்திருக்கும் என்று நிறுவினார். தற்செயல் தன்மை பாதையை உயர்த்திக் கொடுக்கும் முதல் படியில் மட்டுமே தேவைப்படுகிறது. அதன் பிறகு நடப்பது முழுக்கக் குலமும் பகுப்பாய்வும்.

இதற்கு இணையாக மரங்களின் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வகையீட்டுச் செயலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இயக்கும்போது தோன்றும் உறுப்புகளைக் கேலி 1857இல் மரங்களால் குறித்தார். நூறு ஆண்டுகள் கழித்து ஜான் புட்சர், வகைக்கெழுச் சமன்பாடுகளை எண்முறையில் தீர்க்கும் ரங்கே–குட்டா முறைகளை அதே மரங்களால் ஒழுங்குபடுத்தினார். நான்காம் வரிசைத் துல்லியத்துக்கு 8 நிபந்தனைகள், ஐந்தாம் வரிசைக்கு 17. ஒவ்வொரு நிபந்தனைக்கும் வேருள்ள ஒரு மரம். 1972இல் அவர் அந்த முறைகளைக் குலமாகவே அமைத்துக் காட்டினார். 1998இல் அலான் கோன்னும் டிர்க் கிரைமரும் குவாண்டம் புலக் கோட்பாட்டில் முடிவிலிகளை நீக்கும் மறுஇயல்பாக்க முறைக்கு அடியில் மரங்களாலான ஹோஃப் இயற்கணிதம் (உறுப்புகளைப் பெருக்கவும் பகுதிகளாகப் பிரிக்கவும் விதியுள்ள அமைப்பு) ஒன்றைக் கண்டார்கள். சிறிது காலத்தில் கிறிஸ்டியன் புரூடர் சுட்டிக்காட்டினார்: புட்சரின் குலமும் இதுவும் ஒரே அமைப்பின் இரு பக்கங்கள். எண்முறைக் கணக்கீட்டாளர்களும் துகள் இயற்பியலாளர்களும் கால் நூற்றாண்டு காலம் ஒரே பொருளை ஒருவரையொருவர் அறியாமல் கையாண்டிருக்கிறார்கள்.

இந்த இரு ஓடைகளும் 2010ஐ ஒட்டி இணைந்தன. 1986இல் கார்டர், பாரிசி, ஜாங் ஆகியோர் வளரும் மேற்பரப்புகளுக்காக எழுதிய சமன்பாட்டில் சரிவின் இருபடி வருகிறது. ஆனால் அந்தச் சரிவு சாதாரணச் சார்பாக இல்லாத அளவுக்குக் கரடுமுரடானது, ஆகவே அதன் இருபடிக்கு நேரடிப் பொருளே கிடையாது. மார்ட்டின் ஹைரர் 2013இல் அதற்குப் பொருள் தந்தார். 2014இல் ஒழுங்கமைப்புகளின் கோட்பாட்டை வெளியிட்டு, இத்தகைய சமன்பாடுகளின் முழு வகுப்புக்கும் வழி திறந்தார். எந்த உறுப்புகள் முடிவிலியாகின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய முடிவிலிகளை எந்த ஒழுங்கில் கழிப்பது, கழித்த பின்னும் சமன்பாடு சமன்பாடாகவே நிற்கிறதா என்ற வினாக்களுக்கு விடை சொல்லும் இயந்திரமாக அதே மரங்கள் திரும்ப வந்தன. புருனெட், ஹைரர், ஜம்போட்டி மூவரும் 2019இல் அதைத் தூய இயற்கணித மொழியில் எழுதி முடித்தார்கள்: ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் இரு ஹோஃப் இயற்கணிதங்கள், ஒன்று முடிவிலிகளை நீக்க, மற்றொன்று விரிவை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மாற்ற. இன்று இதே கருவிகள் யாங்–மில்ஸ் கோட்பாட்டைத் தற்செயல் சமன்பாடுகளின் வழி அணுகும் முயற்சியில், முதலில் இரு பரிமாணத்திலும் பின்னர் மூன்று பரிமாணத்திலும், பயன்பட்டு வருகின்றன.

சென்னிலிருந்து லயன்ஸ் வரை நாற்பது ஆண்டுகள், லயன்ஸிலிருந்து ஹைரர் வரை பதினாறு. தனி மனிதரின் மேதைமைக்கு வேகம் கூட்ட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் இந்தக் காலத்தின் ஒரு பகுதி மேதைமைக்காகக் காத்திருந்த காலம் அன்று. ஒரு துறையில் முன்பே இருந்த பொருளை அடுத்த துறையில் ஒருவர் தற்செயலாகப் படிப்பதற்காகக் காத்திருந்த காலம். அந்தப் பகுதியைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் அண்மையது. மென்பொருளை ஆய்வாகக் கருதத் தயங்கும் உறுப்பினர்களுக்காக இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். ஒரு பெரிய முடிவுறு குலத்திலிருந்து சமவாய்ப்பாக ஓர் உறுப்பைப் பெற வேண்டும். கையில் இருப்பவை குலத்தைப் பிறப்பிக்கும் சில உறுப்புகள் மட்டுமே. அவற்றுள் இரண்டைத் தற்செயலாக எடுத்து, ஒன்றை மற்றொன்றாலோ அதன் நேர்மாற்றாலோ பெருக்கி, அதன் இடத்திலேயே வைத்துவிடு. இதைப் பலமுறை செய். பிறகு ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள். 1995இல் வெளியான இந்த எளிய வழிமுறை காப், மாக்மா போன்ற இயற்கணித மென்பொருள்களில் இடம்பெற்றது. வழிமுறை நடைமுறையில் வியக்கத்தக்க வேகத்தில் நன்றாகக் கலந்தது; ஏன் என்பதற்கு நிறைவான விளக்கம் இல்லை. 2001இல் லுபோட்ஸ்கியும் பாக்கும் வினாவை இடம் மாற்றினார்கள். இந்தக் கலப்பு, கட்டற்ற குலத்தின் (பிறப்பிகளுக்கு இடையே எந்த உறவும் இல்லாத குலத்தின்) தன்னமைவுக் குலம், அதாவது அதை அமைப்பு குலையாமல் தனக்குள்ளேயே மாற்றும் செயல்களின் குலம், நிகழ்த்தும் ஒரு சமவாய்ப்பு நடை. அந்தத் தன்னமைவுக் குலத்துக்குக் காஷ்தான் 1967இல் வரையறுத்த டி என்னும் பண்பு இருந்தால் வேகம் விளங்கிவிடும். நடைமுறைக் கணக்கீட்டின் புதிர் இப்படிக் குலங்களை அணிகளாலும் நேரியல் மாற்றங்களாலும் குறித்துப் படிக்கும் உருவமைப்புக் கோட்பாட்டின் வினாவாயிற்று. பல ஆண்டுகளுக்கு அதற்கு விடை இல்லை.

விடைக்கு வழி திறந்தது நரூட்டாகா ஒசாவா 2016இல் வெளியிட்ட ஓர் இயற்கணித அளவுகோல். குலத்தின் சமவாய்ப்பு நடையோடு இணைந்த லாப்லாஸ் உறுப்பு ஒன்று உண்டு. அதன் இருபடியிலிருந்து அதன் ஒரு சிறு நேர்மடங்கைக் கழித்தால் கிடைப்பது, குல வளையத்தில் வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், அப்போது மட்டுமே, குலத்துக்கு அந்தப் பண்பு உண்டு. வர்க்கங்களின் கூடுதலைத் தேடுவது கணினியால் செய்யக்கூடிய உகப்பாக்கப் பணி. ஐந்து பிறப்பிகள் கொண்ட கட்டற்ற குலத்தின் தன்னமைவுக் குலத்துக்கு அதை நேரடியாகச் செய்ய முயன்றால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாறிகள் வருகின்றன. கலுபா, நோவாக், ஒசாவா மூவரும் சிக்கலின் சமச்சீர்மையை உருவமைப்புக் கோட்பாட்டால் பயன்படுத்தி அந்த எண்ணிக்கையைப் பல நூறு மடங்கு குறைத்து, கணினி தரும் தோராய விடையைக் கறாரான நிறுவலாக மாற்றி, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். தோராயம் எப்படி நிறுவலாகும் என்று கேட்பவர்களுக்கு: கணினியின் சிறு பிழையை அந்த நேர்மடங்கைச் சற்றே குறைப்பதன் மூலம் முழுமையாக உள்வாங்கிக்கொள்ளலாம் என்பதே தேற்றம், நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. 2021இல் கலுபா, கீலாக், நோவாக் ஆகியோர் ஐந்துக்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அதை விரித்தார்கள்.

இந்த ஆய்வை எந்தக் குழு ஏற்றிருக்கும்? குலக் கோட்பாட்டுக் குழு உகப்பாக்கத்தைக் கண்டு தயங்கியிருக்கும். உகப்பாக்கக் குழு இதில் புதிய உகப்பாக்கம் இல்லை என்றிருக்கும். நிகழ்தகவியல் குழு மார்க்கோவ் சங்கிலி முன்னுரையில் மட்டுமே வருகிறது என்றிருக்கும். மூன்று மறுப்புகளும் தம்மளவில் உண்மை. விண்ணப்பங்கள் நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நிராகரிக்கப்படுவது இப்படித்தான் என்பதாலேயே இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். அவை உங்களுக்குத் தெரிந்தவை. முழு எண்களின் அடர்த்தியான கணங்களில் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரும் கிடைக்கும் என்னும் செமெரடியின் தேற்றத்தை ஃபர்ஸ்டன்பெர்க் 1977இல் இயக்க அமைப்புகளின் வழியே மீண்டும் நிறுவினார். ஓப்பன்ஹைம் 1929இல் எழுப்பிய இருபடி வடிவங்கள் பற்றிய ஊகத்தை, ரகுநாதன் காட்டிய திசையில், மார்குலிஸ் 1980களின் பிற்பகுதியில் குலவெளிகளின் மீதான ஓட்டங்களால் தீர்த்தார். இவ்விருவருக்கும் 2020இல் ஏபெல் பரிசு கிடைத்தது. நிகழ்தகவின் முறைகளையும் இயக்க அமைப்புகளின் முறைகளையும் குலக் கோட்பாட்டிலும் எண் கோட்பாட்டிலும் சேர்வியலிலும் பயன்படுத்திய முன்னோடிப் பணிக்காக என்று பரிசுக் குறிப்பே சொல்கிறது. எஸ்கினும் மிர்சகானியும் தட்டைப் பரப்புகளின் வெளியில் நிறுவிய பெருந்தேற்றம், சமவாய்ப்பு நடைகளைப் பற்றி பெனுவாவும் கின்ட்டும் கண்ட வழிமுறையிலிருந்து உரம் பெற்றது. 2023 நவம்பரில் கவர்ஸ், கிரீன், மானர்ஸ், டாவ் ஆகியோர் தீர்த்த மார்ட்டனின் ஊகம் கூட்டல் கணங்களைப் பற்றியது, அதாவது தூய இயற்கணித வடிவிலான கூற்று. நிறுவலோ கணங்களைச் சமவாய்ப்பு மாறிகளாக மாற்றி அவற்றின் நிச்சயமின்மையை அளக்கும் என்ட்ரோபியைப் படிப்படியாகக் குறைத்துச் செல்கிறது. அந்த நிறுவலைப் பலர் சேர்ந்து லீன் என்னும் மொழியில் எழுதி, கணினியால் வரி வரியாகச் சரிபார்க்க ஏறத்தாழ மூன்று வாரங்களே ஆயின.

உங்கள் தரப்பில் உள்ள நியாயமான அச்சத்தையும் நான் அறிவேன். துறைகளை இணைப்பதாகச் சொல்லும் விண்ணப்பங்களில் பல வெறுமையானவை. இரு துறைகளின் சொற்களைப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு எந்த வினாவையும் கூர்மையாக எழுப்பாதவை. அவற்றை நீங்கள் நிராகரிப்பது சரியே. மேலும், மேலே சொன்ன எவரும் பல துறைகளை மேலோட்டமாக அறிந்தவர்கள் அல்லர். மார்குலிஸ் லீ குலங்களை அவற்றின் வேர்வரை அறிந்தவர். ஹைரருக்குப் பகுப்பாய்வும் நிகழ்தகவும் ஒருசேரக் கைவந்தவை. ஆகவே ஆழத்துக்குப் பதிலாக அகலம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு துறையில் ஆழமாக ஊன்றியவர் அடுத்த துறையில் நுழையும்போது அவர் வழியில் நாம் தடை வைக்கக் கூடாது என்றே கேட்கிறேன். வெறும் சொற்சேர்க்கையையும் உண்மையான இணைப்பையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: எந்தத் துறையின் எந்த வினா, எந்தத் துறையின் எந்தக் கருவி, அந்தக் கருவி அங்கே ஏன் பொருந்தக்கூடும் என்பதற்கு விண்ணப்பதாரர் ஏற்கெனவே செய்து பார்த்த சிறு நேர்வு எது என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாக விடை சொல்பவர் எந்த எண்ணின் கீழ் வந்தாலும் மதிப்பிடத் தகுந்தவர்.

ஆகவே நிதிக் குழுக்களிடம் நான் கேட்பவை. விண்ணப்பப் படிவத்தில் ஒற்றை வகைப்பாட்டு எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, வினா எந்தப் பிரிவைச் சேர்ந்தது, கருவி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று இரண்டைக் கேளுங்கள். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். கருவியின் தரப்பில் இருப்பவரிடம் இதில் எங்கள் துறைக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்காமல், இது சரியாகப் பயன்படுத்தப்படுகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஒருவரது மறுப்பு மற்றொருவரது பாராட்டைத் தானாக ரத்து செய்யாதபடி, இரு அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க ஒரு மூன்றாமவர் இருக்கட்டும். இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் ஐந்தாண்டுக் காலம் கொண்ட சிறு பிரிவு ஒன்றை ஒதுக்கி, அதன் முதல் ஆண்டில் கட்டுரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். நிகழ்தகவியலில் தேர்ந்த ஒருவர் உருவமைப்புக் கோட்பாட்டைக் கற்றுக்கொள்ள அந்த ஓராண்டு தேவை, இப்போது அவர் அதை ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பெர்க்லியிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் பல மாதங்கள் நீளும் கூட்டு நிகழ்வுகளை நடத்துகின்றன, அவை பெரும் நன்மை செய்கின்றன. ஆனால் அங்கே இருந்துவிட்டுத் திரும்பும் இளைஞர் தம் துறையில் அதே எண்களைத்தான் மீண்டும் சந்திக்கிறார். மென்பொருளையும், முறைப்படுத்திச் சரிபார்த்த நிறுவல்களையும், ஒரு துறையின் கருவியை மற்றொரு துறையினருக்கு விளக்கும் நீண்ட விளக்கக் கட்டுரைகளையும் ஆய்வு விளைவுகளாகவே எண்ணுங்கள். கடைசியாகச் சொன்ன விளக்கக் கட்டுரைகளை நான் மிகவும் மதிக்கிறேன்: புட்சரின் குலத்தை இயற்பியலாளர்களுக்கு விளக்கும் கட்டுரை ஒன்று 1980இலேயே எழுதப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடத்திட்டக் குழுக்களிடம் கேட்பது அளவில் சிறியது; விளைவில் இதுவே பெரியதாகலாம். முதுகலையில் ஒரே ஒரு பருவப் பாடத்தை மூன்று துறைகளும் சேர்ந்து நடத்துங்கள். அதன் மையமாக முடிவுறு குலங்களின்மீது நிகழும் சமவாய்ப்பு நடைகள் இருக்கட்டும். சீட்டுக்கட்டில் இரு சீட்டுகளைத் தற்செயலாகத் தேர்ந்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் கட்டு எப்போது கலையும் என்ற வினாவை முதல் வாரத்திலேயே மாணவரிடம் வைக்கலாம். சீட்டுகளின் எண்ணிக்கையை அதன் இயல் மடக்கையால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும் அளவை ஒட்டி, ஏறத்தாழ திடீரென்று, அது கலைந்துவிடுகிறது. 52 சீட்டுகளுக்கு அது நூற்றைச் சற்றே தாண்டுகிறது. டயாகோனிஸும் ஷாஷஹானியும் 1981இல் தந்த நிறுவல், சமச்சீர்க் குலத்தின் உருவமைப்புகளைக் கணக்கிட்டே அந்த எண்ணை அடைகிறது. பட்டியல்போல் கற்ற குலங்களின் பண்பெண்கள் ஒரு கால அளவைத் தீர்மானிப்பதை அங்கே மாணவர் காண்பார். அதிலிருந்து நடையின் திரும்பும் நிகழ்தகவு முடிவிலாக் குலத்தின் இயல்பைக் காட்டும் கெஸ்டனின் 1959ஆம் ஆண்டுத் தேற்றத்துக்கும், விரிவாக்கிக் கோட்டுருக்களுக்கும், மணற்குவியலுக்கும் போகலாம். இதற்கு முன்தேவை நேரியல் இயற்கணிதமும், முடிவுறு குலங்களின் அடிப்படையும், தொடக்க நிலை நிகழ்தகவும் மட்டுமே. எந்தத் துறையின் மாணவரும் உட்கார முடியும். அத்துடன், இயற்கணிதத்தில் முனைவர் பட்டம் பெறுபவர் அளவைக் கோட்பாட்டையும், நிகழ்தகவியலில் பெறுபவர் குல உருவமைப்புகளையும் ஒரு பருவமாவது படித்திருக்க வேண்டும் என்று விதியுங்கள். விருப்பப் பாடமாக விட்டால் கால அட்டவணையே அதை விலக்கிவிடும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ பெரும் தொகையோ தேவையில்லை. படிவத்தில் இரண்டாவது வரி, மதிப்பீட்டுக்கு ஒரு கூடுதல் வாசகர், பாடத்திட்டத்தில் ஒரு பருவம், இளம் ஆய்வாளர் சிலருக்கு ஓராண்டு. அடுத்த விண்ணப்ப அழைப்பு வெளியாகும் முன்பே முதல் இரண்டையும் செய்துவிடலாம். பாடத்தையும் கற்றல் ஆண்டையும் வரும் கல்வியாண்டுக்குள் முடிவு செய்யுமாறு உங்கள் இரு குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை நடத்துவதற்கான விரிவான பாடக் குறிப்புகளையும் பயிற்சிக் கணக்குகளையும் எழுதித் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆய்விலும் கற்பித்தலிலும் ஈடுபட்டுள்ள ஒருவர்